சத்தம் வெளியே போகாத ஹெட்போன்

படுவான்கரையில் மாப்பிள்ளையாக இருப்பதில் எல்லாம் சுகம்தான், ஒன்றைத் தவிர. நீங்கள் செய்கிற பிழையை உங்களிடம் யாரும் சொல்லமாட்டார்கள்.

எங்கள் மட்டக்களப்பில் கல்யாணம் முடித்த ஆண், பெண் வீட்டுக்குத்தான் போய் இருப்பான். நானும் அப்படித்தான் கல்லடியிலிருந்து வாவியைத் தாண்டி, மேற்குக் கரையான இந்தப் படுவான்கரையில் இருக்கும் பழுகாமத்துக்கு வந்து சேர்ந்தேன். ஒரே வளவுக்குள் மூன்று வீடுகள். வாவிப் பக்கமாக எங்கள் வீடு, நடுவில் என் மனைவியின் அக்கா, அதாவது மச்சாள் வீடு, பின்னால் வீதிப் பக்கமாக மாமாவும் மாமியும் இருக்கும் சின்ன வீடு. இடையில் வேலி கிடையாது. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் மூன்று வீட்டுக்கும் பசி வரும்.

மாமி என்னோடு நேரே பேசமாட்டார். கோபமில்லை, மரியாதை. எனக்குச் சொல்லவேண்டியதை என் மனைவியிடம் சொல்லுவார். மனைவி பக்கத்தில் இல்லாவிட்டால் கோழியிடமோ கிணற்று வாளியிடமோ சொல்லுவார், எனக்குக் கேட்கிற மாதிரி. சோறு ஆறுகிறது என்று ஒரு கோழிக்குச் சொல்லப்பட்டால் நான் எழும்பிப் போய்க் கை கழுவவேண்டும். பழகிவிட்டால் இதில் ஒரு சிரமமும் இல்லை.

சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. வந்த புதிதில் விறாந்தையில் கிடந்த சாய்மனைக் கதிரையில் தினமும் காலை நீட்டிக்கொண்டு சாய்ந்திருப்பேன். மாமா எதிரே பாயில் இருந்து பேப்பர் படிப்பார். மனுசனுக்குப் பாய்தான் பிடிக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். அது அவருடைய கதிரை என்று, ஒரு வருடம் கழித்து வந்த விருந்தாளி ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டில் ஒருவர் வாய் திறக்கவேண்டுமே. அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். வரவில்லை.

போன வருடம் என் பழைய இசைக்குழுவிலிருந்து அழைப்பு வந்தது. கல்லடியில் இளவட்டமாக இருந்த காலத்தில் கல்யாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் வாசித்த கூட்டம் அது. நான் கல்யாணம் முடித்து இக்கரைக்கு வந்ததோடு கிற்றார் கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. இப்போது அவர்களுடைய கிற்றார்காரர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு நான் வருவேனா என்று கேட்டார்கள். ஆனால் சும்மா தூக்கிக் கொடுக்கமாட்டார்களாம். டவுனில் வேகமாக வாசிக்கும் ஒரு பொடியனும் கேட்டுக்கொண்டு இருக்கிறானாம். கீபோட் வாசிப்பவர் நிகழ்ச்சியின் தொடக்கத்துக்கென்று சொந்தமாக ஓர் இசை போட்டிருந்தார். அதைப் பயிற்சியில் இருவரும் வாசித்துக் காட்டவேண்டும், நன்றாக வாசிப்பவருக்கு இடம்.

எனக்கு அந்த இடம் வேண்டும். நாற்பது தாண்டிய மனிதன் இப்படிச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வேண்டும். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க மருந்து எண்ணிக் கொடுக்கிறேன். அந்த வேலையில் குறையில்லை. வீட்டில் எல்லோரும் என்னைத் தாங்குகிறார்கள், அதிலும் குறையில்லை. ஆனால் இவன் இதில் கெட்டிக்காரன் என்று என்னைப் பார்த்து ஒருவர் சொல்லிக் கனகாலம் ஆகிவிட்டது.

அந்த இசையின் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. ஐந்து சுரங்கள் ஒரே மூச்சில் இறங்கி, கீழே நிற்காமல் அப்படியே திரும்பி ஏறவேண்டும். கேட்க லேசு. எனக்கோ ஐந்தாவது சுரத்தில் விரல் தடுக்கி விழும். பயிற்சி வேண்டும், நிறையப் பயிற்சி. அதற்குத்தான் வழியில்லாமல் இருந்தது.

ஏனென்றால் மச்சாளின் மகள் அந்த வருடம் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான ஏஎல் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பயோ. முதல் தடவை கொஞ்சத்தால் தவறி, இது இரண்டாம் தடவை. ஒரு பிள்ளை ஏஎல் எடுக்கிற வளவு எப்படி இருக்கும் என்று தமிழ் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. டீவி வாய் மூடியது. அதிகாலையில் கூவுகிற சேவலை உன்னிச்சையில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மச்சாளின் கணவர், என் சகலன், வயல் வட்டைக்குப் போகும்போது உழவு மெசினை வளவுக்குள் ஸ்டார்ட் பண்ணாமல் வீதிவரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். அவருடைய முதுகைப் பார்த்த பிறகு நான் எந்த முகத்தோடு அம்பிளிபயரைப் போடுவது? பிள்ளையின் படிக்கும் மேசை எங்கள் பக்க யன்னலோரம்தான்.

அதனால் கொழும்பிலிருந்து ஒரு மொடலர் எடுப்பித்தேன். சாப்பாட்டுப் பெட்டி அளவுதான் இருக்கும். கிற்றாரை அதில் செருகினால் பெரிய பெரிய அம்பிளிபயர்கள் எழுப்புகிற சத்தத்தை எல்லாம் உள்ளுக்குள்ளேயே கணக்குப் பார்த்து உண்டாக்கி, காதுக்கு மட்டும் தரும். வெளியில் ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. என் ஃபோனோடு வந்த இயர்போனைச் செருகிப் பார்த்தேன். கிற்றாருக்குப் பின்னால் சர்ரென்று மழை பெய்துகொண்டே இருந்தது. தடித்த தந்திகளைத் தொட்டால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாக வந்தது. ஐந்து சுரத்தில் எது தடுக்குகிறது என்றே தெரியவில்லை. தடுக்கும் இடம் கேட்காவிட்டால் திருத்துவது எப்படி?

நான் மருந்துத் தாள்களை அடிக்குறிப்புவரை படிக்கிற ஆள். இதையும் அப்படியே படிக்கத் தொடங்கினேன். ஹெட்போனின் மேல் ஓம்ஸ் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். மின்சாரத்தை அது எவ்வளவு மறித்து நிற்கிறது என்பதுதான் அந்த எண். ஃபோனுக்கு வருகிறவை முப்பத்திரண்டு, பதினாறு என்று குறைந்த எண். ஸ்டூடியோக்காரர் வைத்திருப்பவை இருநூற்றைம்பது. குறைந்த எண் சத்தமாகப் பாடும், ஆனால் பெட்டியின் இரைச்சலையும் சேர்த்துக் காதில் கொட்டும். கூடிய எண் சத்தம் குறைவு, ஆனால் இரைச்சல் அடியில் அமுங்கிவிடும், சுரம் சுரமாகப் பிரிந்து கேட்கும். சகலனுக்கு இதை விளக்கியபோது அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அகலமான மடையைத் திறந்தால் தண்ணீரோடு சேறும் வரும், ஒடுக்கமான மடையில் தெளிந்த தண்ணீர் வரும், ஆனால் வயல் நிரம்ப நேரமெடுக்கும், அதுதானே என்றார். அதேதான். பிரச்சினை என்னவென்றால், என் சின்னப் பெட்டிக்கு இருநூற்றைம்பதைத் தள்ளிச் சத்தம் எழுப்பச் சக்தி இருக்கிறதா என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. இணையத்தில் பாதிப்பேர் போதும் என்றார்கள், மீதிப்பேர் அந்தப் பாதியைத் திட்டினார்கள்.

போட்டுப் பார்த்துத்தான் வாங்குவது என்று முடிவெடுத்தேன். ஒரு லீவு நாளில் கிற்றாரை முதுகில் மாட்டி, மொடலரைச் சீலைப் பையில் கட்டி, மோட்டார் சைக்கிளில் காத்தான்குடிக்குப் போனேன். பிரதான வீதியில் புடவைக் கடைகளுக்கு நடுவில் ஒரு மின்சாதனக் கடை இருக்கிறது. முதலாளி பல வருடம் தோஹாவில் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்தவர். வரும்போது கொண்டுவந்ததில் ஹெட்போன் வகைகளும் இருந்தன. நான் இருநூற்றைம்பது என்றதும் அவர் முகம் சுருங்கியது.

“அது வேணாம் தம்பி. வாங்கிட்டுப் போறவங்க எல்லாரும் சத்தமில்ல எண்டு திருப்பிக் கொண்டு வாறாங்க. ஃபோனுக்குப் போட்டா நுளம்பு பாடுற மாதிரித்தான் இரிக்கும்.”

ஃபோனுக்கு இல்லை என்று சொல்லிக் கிற்றாரை இறக்கினேன். அவருக்கும் ஆசை வந்துவிட்டது. கண்ணாடி மேசையை ஒதுக்கி இடம் தந்தார். நான் ஒரு முக்காலியில் இருந்து ஒவ்வொன்றாகப் போட்டு, அதே ஐந்து சுரங்களை வாசித்தேன். முப்பத்திரண்டு காதைப் பிளந்தது, கூடவே அந்தப் பழைய மழை. எண்பது பரவாயில்லை, ஆனால் அடித்தந்தி இன்னும் கொஞ்சம் களிதான். இருநூற்றைம்பதை மாட்டியதும் முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. குமிழை முக்கால்வாசி திருப்பினேன். அப்போதுதான் வந்தது. மழை நின்று முற்றம் காய்ந்த மாதிரி இருந்தது. ஐந்து சுரமும் ஐந்தாகக் கேட்டது. நான் தடுக்கியது ஐந்தாவதில் இல்லை, நான்காவதில் என்பதைக் காத்தான்குடி வீதியில் இருந்துதான் கண்டுபிடித்தேன். அந்த வீதி இரைச்சலுக்குள்ளேயே இவ்வளவு கேட்டால், சேவலும் இல்லாத எங்கள் வளவுக்கு இது தாராளம்.

அதிலும் இரண்டு வகை. ஒன்றுக்கு வெளிப்பக்கம் வலை மாதிரித் திறந்திருக்கும். காதுக்குக் காற்றோட்டம், இந்த வெக்கைக்கு அதுதான் நல்லது என்று முதலாளி வற்புறுத்தினார். கழற்றி மேசையில் வைத்துவிட்டு வாசித்துப் பார்த்தேன். கிற்றார் வெளியே தெளிவாகக் கேட்டது. அது சரிவராது, எனக்கு வேண்டியது ஒரு சத்தமும் வெளியே போகாதது என்று மூடிய வகையை எடுத்தேன். காதை அப்படியே கவ்விக்கொண்டது. உலகமே அணைந்துபோனது. கண்ணை மூடி முழு இசையையும் வாசித்தேன். முடித்துக் கண்ணைத் திறந்தால் புடவைக் கடையிலிருந்தும் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். எல்லோர் முகத்திலும் சிரிப்பு. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, வெளியே ஏதும் கேட்டதா என்று முதலாளியிடம் கேட்டேன்.

“கிற்றார் கேக்கல்ல தம்பி” என்றார், தாடியைத் தடவிக்கொண்டு.

எனக்கு அது போதும். அந்தச் சிரிப்பை என் திறமைக்குக் கிடைத்த பாராட்டென்று எடுத்துக்கொண்டு வீடு வந்தேன்.

எங்கள் வீட்டில் நெல் மூட்டை அடுக்குகிற ஓர் அறை உண்டு. ஈரம் ஏறாமல் இருக்க நிலத்திலிருந்து உயர்த்திப் பலகைத் தட்டுப் போட்டிருக்கும். அதன் மேல் ஒரு கதிரையைப் போட்டேன். சுற்றிவர மூட்டைகள், காதில் இருநூற்றைம்பது ஓம்ஸ். வேலையால் வந்து, குளித்து, பின்னேரம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு உள்ளே போனால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவேன். காது வேர்த்து ஒழுகும். ஆனாலும் என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வாசித்ததில்லை. ஒருவருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. பிள்ளைக்கு அவளுடைய அமைதி, எனக்கு என்னுடைய இசை. மனுசன் என்றால் இப்படி மற்றவர்களை யோசித்து நடக்கவேண்டும் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அந்த மாதம் இரண்டு சின்னச் சம்பவங்கள் நடந்தன. ஒன்று, பிள்ளையின் மேசையைப் பின்வீட்டுக்கு மாற்றினார்கள். அங்கே நல்ல காற்று வருகிறதாம். மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்தது நான்தான். காற்று வாவிப் பக்கமிருந்துதானே வரும், பின்வீட்டில் இலை அசையாதே என்றுகூடச் சொன்னேன். எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு மேசையைத் தூக்கிப்போய்ப் பின்வீட்டில் வைத்தார்கள். பெண்கள் ஒரு முடிவுக்கு வந்தால் காற்றும் திரும்பித்தான் ஆகவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது, அந்த ஐந்து சுரத்தை முதன்முதலாக நான் தடுக்காமல் ஏறிக் கடந்த நாள். மூட்டைகளுக்கு நடுவில் தனியாக இருந்து சிரித்தேன். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் யாருக்கு விளங்கப்போகிறது? அன்றைக்குச் சாப்பாட்டோடு பாயாசம் வந்தது. என்ன விசேஷம் என்று மனைவியிடம் கேட்டேன். சும்மாதான், பால் மிஞ்சிப்போச்சு என்றாள். மிஞ்சிய பாலில் முந்திரிகை வற்றலும் ஏலமும் போடுவார்களா என்று நான் யோசிக்கவில்லை. இரண்டு கோப்பை குடித்தேன்.

சோதனை முடிந்த அன்று பின்னேரம் எல்லோரும் மச்சாள் வீட்டு விறாந்தையில் கூடினோம். பிள்ளை கடைசிப் பேப்பரும் நன்றாகச் செய்திருந்தாள். வந்தவுடனே புத்தகப் பையை எறிந்துவிட்டுக் கிணற்றடிக்கு முகம் கழுவப் போனாள். தண்ணீர் அள்ளிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தாள். எனக்குத் தேத்தண்ணிக் கோப்பை கையில் அப்படியே நின்றது.

அது எங்கள் குழுவின் இசை. வானொலியில் வந்ததில்லை, ஃபோனில் வந்ததில்லை, குழுவுக்கு வெளியே ஒரு பிறவியும் அதைக் கேட்டதில்லை. அவள் பாட்டுக்குப் பாடிக்கொண்டே போனாள். ஐந்து சுரம் இறங்குகிற இடத்துக்கு வந்தாள். நான்காவதில் நின்றாள். “சே!” என்றாள். பிறகு இசையில் கொஞ்சம் பின்னுக்குப் போய்த் திரும்பவும் தொடங்கினாள்.

விறாந்தையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. சகலன் தன் காலடியில் எதையோ தேடினார். இதை எங்கே கேட்டாய் என்று கூப்பிட்டுக் கேட்டேன். பிள்ளை வாளியோடு நிமிர்ந்து, என் முகத்தைப் பார்த்து, பிறகு தாயின் முகத்தைப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடைசியில் என் மனைவிதான் சொன்னாள். ஹெட்போனால் ஒரு சத்தமும் வெளியே வரவில்லையாம். வந்தது முழுக்க என் வாயாலாம். காது இரண்டும் அடைத்திருந்ததால் நான் வாசிக்கிற ஒவ்வொரு சுரத்தையும் தொண்டை கிழியப் பாடியிருக்கிறேன், அது எனக்கே தெரியாமல். தாளம் காலால். அந்தப் பலகைத் தட்டில் நான் போட்ட மிதி உடுக்கு அடித்த மாதிரி மூன்று வீட்டுக்கும் கேட்டதாம். தடுக்கும்போதெல்லாம் அந்தச் சே வேறு.

காத்தான்குடி முதலாளியின் தாடியும் சிரிப்பும் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தன. அடுத்ததாக அந்த மேசை. நான் பிடித்துத் தூக்கிய மேசை. ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கத்தவேண்டும் போல இருந்தது. கத்துவதற்கும் யாரிடம் கத்துவது? சோதனைப் பிள்ளையைப் படித்த இடத்திலிருந்து எழுப்பி, காற்றில்லாத அறைக்கு அனுப்பியவன் நான். அவள் படிப்பு கெட்டிருந்தால் இந்த வளவில் நான் எந்தக் கதிரையில் இருப்பேன்?

பிள்ளை வந்து பக்கத்தில் இருந்தாள்.

“மேச மாத்தின எடத்திலயும் கேட்டதுதான் சித்தப்பா” என்றாள். “முதல் கிழமை எரிச்சலா இரிந்திச்சு. பொறகு நீங்க அந்த எடத்துக்கு வரக்குள்ள நானும் புத்தகத்த வச்சிட்டுக் காத்துக்கிட்டு இரிப்பன். நீங்க நிக்காமப் போன அண்டைக்கு அம்மம்மா அடுப்பில இரிந்த கறிய எறக்கி வச்சிட்டுப் பாயாசம் வச்சா.”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் நான் ஒரு விருந்தாளி, மெத்தையில் வைத்துத் தாங்கப்படுகிற ஒரு விருந்தாளி என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு வளவு முழுக்க என் விரல் தடுக்குவதைக் காதைக் கொடுத்துக் கேட்டு, கடந்துவிட மாட்டானா என்று காத்திருந்திருக்கிறது.

அப்போது பின்வீட்டு அடுக்களையிலிருந்து மாமியின் குரல் வந்தது, என் மனைவிக்கு.

“புள்ள, அந்தக் காதுச் சாமானக் கழட்டிப்போட்டு வாசிக்கச் சொல்லு. பாட்டுக் கேட்டது காணும், இனிக் கிற்றாரக் கேப்பம்.”

கட்டிலுக்குக் கீழே கிடந்த அம்பிளிபயரைச் சகலனே தூக்கிவந்து முற்றத்தில் வைத்தார். நான் வாசித்தேன். வெறுங்காதோடு, வாவிக் காற்றில், எல்லோருக்கும் முன்னால். சொல்லவேண்டுமா, அந்த இடம் வந்ததும் நான்காவது சுரத்தில் விரல் தடுக்கியது. சே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுக்களைக்குள் மாமி பாடிவிட்டார். சொற்கள் இல்லாமல், தொண்டைக்குள்ளே, ஐந்து சுரமும் இறங்கி நிற்காமல் திரும்பி ஏறின. ஒரு பிசகும் இல்லை. அகப்பை சட்டியில் படுகிற சத்தமும் நிற்கவில்லை. என் விரல்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போயின.

அடுத்த ஞாயிறு கல்லடியில் பயிற்சி நடந்தது. டவுன் பொடியன் என்னைவிட வேகமாகத்தான் வாசித்தான், அதை ஒத்துக்கொள்ளவேண்டும். நான் வாயை இறுக்க மூடிக்கொண்டு, இரண்டு காலையும் நிலத்தில் அழுத்திக்கொண்டு வாசித்தேன். அந்த இடம் வந்தபோது மாமியின் குரல் நினைவுக்குள் ஓடியது. கடந்துவிட்டேன். கீபோட்காரர் தலையை ஆட்டி, அடுத்த மாதக் கல்யாணத்துக்கு என்ன நிறச் சேட் போடவேண்டும் என்று என்னிடம் சொல்லத் தொடங்கினார்.

வெளியே வந்து வீட்டுக்கு ஃபோன் எடுத்தேன். இடம் கிடைத்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் அதை அங்கே திருப்பிச் சொன்னது கேட்டது, மச்சாளின் குரலும் பிள்ளையின் குரலும் கேட்டன. பிறகு ஃபோனை யாரோ வாங்குகிற சத்தம்.

“மருமகன்” என்றார் மாமி. “பாயாசம் வைக்கிறன். கெதியா வாங்க.”